அப்பாவுக்குப் போட்டுக் கொடுத்த வைஃபை

எங்கள் தெருவில் அப்பாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காயில்காரர் என்பார்கள். மோட்டார் எரிந்துபோனால் தூக்கிக்கொண்டு வருவார்கள். அப்பா உள்ளே கருகிக் கிடக்கும் செம்புக் கம்பியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார். நாற்பது வருஷமாக அதுதான் வேலை. அவர் சுற்றிய காயிலில் ஒரு கம்பி இன்னொன்றின் மேல் ஏறி நிற்காது. ஏறிவிட்டால் மொத்தத்தையும் பிரித்து முதலிலிருந்து சுற்றுவார். மோட்டாருக்கு உரியவர் வாசலில் நின்று முணுமுணுத்தாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். அந்தப் பொறுமையில் கால்வாசியை எங்களிடம் காட்டியிருக்கலாம். அம்மாவிடமும் என்னிடமும் சேர்த்து ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

அதற்காக அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அடித்ததில்லை, குடித்ததில்லை. பேசத் தெரியாத மனிதர், அவ்வளவுதான். நான் செய்ததற்கு அவர்மீது பழி போட ஏதாவது கிடைக்குமா என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் தேறவில்லை.

வீடு அவர் கட்டியது. பின்வாசலைத் திறந்தால் வெறும் மண் தரை, அதைத் தாண்டி முப்பது தப்படியில் ஒரு ஷெட். கார் வாங்கினால் நிறுத்தலாம் என்று கட்டியது. கார் வரவில்லை, எரிந்த மோட்டார்கள்தான் வந்தன. சுவர் இடுப்பு உயரத்துக்குச் செங்கல், அதற்கு மேல் தகரம். கூரையும் தகரம். உள்ளே போனால் வார்னிஷ் நெடி மூக்கைத் துளைக்கும்.

அம்மா தவறிய பிறகு நானும் என் வீட்டுக்காரரும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அங்கே குடிவந்தோம். அப்பாவைப் பார்த்துக்கொள்ளத்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். ஆறு மாதத்தில் அவருடைய கட்டில் ஷெட்டுக்குப் போனது, அவர் இருமினால் எனக்குத் தூக்கம் வரவில்லை என்று. அடுத்து அலமாரி போனது, துணியில் வார்னிஷ் வாடை என்று. பிறகு சாப்பாடும் போனது. கேரியரில் போட்டுப் பின்வாசல் படியில் வைத்துவிடுவேன், அவர் வந்து எடுத்துக்கொள்வார். போங்கள் என்று நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. "அங்கயே உங்களுக்கு வசதியா இருக்கும்ப்பா" என்பேன். ஒவ்வொரு தடவையும் அவர் "சரிம்மா" என்று தலையை ஆட்டினார்.

அவர் வீட்டுக்குள் வர மிச்சம் இருந்த ஒரே காரணம் வைஃபை. ஷெட்டில் சிக்னல் எடுக்காது. அதனால் சாயங்காலம் ஆறு மணிக்கு முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு, போனோடு ஹாலுக்கு வருவார். சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, யாரோ எங்கோ மோட்டார் சுற்றுகிற வீடியோவைப் பார்ப்பார். "இவன் சுத்துறதெல்லாம் ஒரு சுத்தா" என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். அரை மணியில் வீடியோ முடிந்து திரை அணைந்துவிடும். அவர் எழுந்திருக்க மாட்டார். பரிசோதகர் கேட்டால் காட்டுவதற்கு டிக்கெட்டைக் கையில் வைத்திருப்பவர் மாதிரி அந்தப் போனைப் பிடித்துக்கொண்டு எட்டு மணி வரை அப்படியே இருப்பார்.

அந்த ஹாலில்தான் எனக்கும் வேலை. ஒரு கம்பெனிக்கு வருகிற புகார்களைப் போனில் கேட்டுச் சமாதானம் சொல்ல வேண்டும். உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது என்று ஒரு நாளைக்கு எண்பது தடவை சொல்கிற வாய் இது. ஒரு நாள் மேலதிகாரி வீடியோவில் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். அப்பா எனக்குப் பின்னால் வந்து, கேமராவுக்குள் குனிந்து பார்த்து, "ஆபீசரா? வணக்கம் சார். நல்லா இருக்கீங்களா?" என்றார். பன்னிரண்டு பேர் சிரித்தார்கள். மேலதிகாரி அவரிடம் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் எனக்கு மானம் கப்பலேறிவிட்டது.

அன்றைக்கே சொன்னேன். "அப்பா, ஷெட்டுக்கே வைஃபை போட்டுக் குடுத்துடறேன்."

"எதுக்கும்மா? இங்கதான் வருதே."

"தினம் எதுக்கு நடக்கணும்? அங்கயே கட்டில்ல படுத்துக்கிட்டுப் பாக்கலாம்."

"முப்பது தப்படிதானே" என்றார். நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன். "சரிம்மா" என்றார்.

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் கேட்டார். "அங்கயே வந்துட்டா மாமா இந்தப் பக்கம் ஏன் வரப்போறாரு?"

"அதுக்குத்தான்" என்றேன். மனிதர் பேப்பரை எடுத்துக்கொண்டார். நல்லவர். ஆனால் நல்லவராக இருப்பதோடு அவருடைய வேலை முடிந்துவிடும்.

முதலில் சிக்னலை எடுத்துத் தள்ளிவிடும் ஒரு சின்னப் பெட்டி வாங்கிச் சமையலறைச் சுவரில் மாட்டினேன். சிக்னல் மண் தரையைத் தாண்டி வந்தது. ஷெட் வாசலில் நின்றுவிட்டது. நெட்காரரைக் கூப்பிட்டேன். ஷெட்டைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தகரம்க்கா. சிக்னல் உள்ள போகாது. வீட்டுலேருந்து கேபிள் இழுத்து, உள்ள ஒரு ரவுட்டர் வெச்சாத்தான் உண்டு" என்றார்.

அவர் பின்னாலேயே சுற்றி வந்த அப்பா குறுக்கிட்டார். "கேபிள் நானே இழுக்கறேன். கம்பி வேலைக்கு வீட்டுலயே ஆள் இருக்கும்போது வெளியாள் எதுக்கு?"

நெட்காரர் கேபிளின் ஒரு முனையை உரித்துக் காட்டினார். உள்ளே எட்டு மெல்லிய கம்பிகள், ஜோடி ஜோடியாக முறுக்கி இருந்தன. "ஐயா, ஒண்ணே ஒண்ணு. நீங்க காயில் கட்டுறவரு, உங்களுக்கு முறுக்கு பிடிக்காது. இதுல மட்டும் முறுக்கைப் பிரிச்சிடாதீங்க. பிரிச்சா நெட் தடுமாறும்." அப்பா அந்த முனையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, கவனமாகப் பார்த்தார்.

பள்ளம் தோண்டப் பதினொரு நாள் எடுத்துக்கொண்டார். முப்பது தப்படிக்குப் பதினொரு நாள். தினம் ஆறு மணிக்கு ஹாலுக்கு வந்து, "இன்னைக்கு மண்ணு இறுக்கமா இருந்துச்சு, மூணடிதான் ஆச்சு" என்று கணக்குச் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் வேலை முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒரு வழியாகக் குழாய் பதித்து, அதற்குள் கேபிளை விட்டு, மண்ணை மூடினார். நெட்காரர் வந்து ஷெட்டில் ரவுட்டரை மாட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. அப்பா தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம், "என் பொண்ணு எனக்குத் தனி வைஃபை போட்டுக் குடுத்திருக்கா" என்று சொன்னாராம். பக்கத்து வீட்டம்மா என்னை நிறுத்திப் பாராட்டினாள். கூச்சமே இல்லாமல் வாங்கிக்கொண்டேன்.

நாலு நாள் ஹால் எனக்கே எனக்கு என்று இருந்தது. ஐந்தாம் நாள் ஆறு மணிக்குப் பின்வாசல் கதவு திறந்தது.

"வருது, போகுதும்மா. பத்து நிமிஷம் ஓடுது, அப்புறம் சுத்திக்கிட்டே நிக்குது."

"நெட்காரர வரச் சொல்றேன்."

"வேணாம், வேணாம். எதாவது ஈரம் இறங்கியிருக்கும். நானே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அப்படியே மூன்று வாரம் ஓடியது. ஒரு நாள் ஈரம், ஒரு நாள் எலி, ஒரு நாள் ரவுட்டர் சூடாகிறது. சாக்குக்குப் பஞ்சமே இல்லை. அந்த மூன்று வாரமும் அவர் கொஞ்சம் அதிகமாகவே பேசினார். கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார், ஒரு தடவை சிரிக்கக்கூடச் செய்தார். அதைக் கவனித்தும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஒரு நாள் காலையில் மோட்டார் ஒன்றைக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார். சாயங்காலம்தான் வருவார். அவருடைய வண்டி முனை திரும்பியதும் நெட்காரருக்குப் போன் போட்டேன்.

வீட்டுப் பக்கம் கோளாறு இல்லை. ஷெட்டுக்குள் போய் வேலை மேசைக்கு அடியில் படுத்துப் பார்த்தவர், அங்கிருந்தே, "அக்கா, கொஞ்சம் வாங்க" என்றார். குனிந்து பார்த்தேன். கேபிளை நடுவில் வெட்டி, இரண்டு கை நீளத்துக்கு எட்டுக் கம்பிகளையும் முறுக்குப் பிரித்து, ஒன்றோடு ஒன்று சேராமல் வரிசையாக நேராக்கி, முனைகளை ஈயம் வைத்து ஒட்டி, மோட்டாருக்குப் போடும் மஞ்சள் உறையை மாட்டி, பருத்தி நூலால் சீரான இடைவெளியில் முடிச்சுப் போட்டிருந்தது. மோட்டாருக்குப் போகும் கரண்ட் கம்பியோடு சேர்த்துக் கட்டியும் இருந்தது. அப்பாவின் கை. உலகத்தில் வேறு யாரும் அவ்வளவு அழகாகக் கட்ட மாட்டார்கள்.

"தெரியாம செஞ்சதில்லக்கா இது. முறுக்கைப் பிரிச்சு, கரண்டுக் கம்பியோட கட்டி, தரமா கெடுத்திருக்காரு" என்றார் நெட்காரர். "ஒரேயடியா அறுத்து விட்டிருந்தா அன்னைக்கே என்னைக் கூப்பிட்டிருப்பீங்க. கொஞ்சம் வரணும், கொஞ்சம் போகணும். அதுக்கு ஏத்த மாதிரி பண்ணி வெச்சிருக்காரு." சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஹாலில் இரண்டு மணி நேரம் உட்காருவதற்காக எழுபது வயது மனிதர் மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு இதைக் கட்டியிருக்கிறார். அவர்மேல் இரக்கம் வந்தது. அதே நேரத்தில், மூன்று வாரமாக என்னை ஏமாற்றினாரே என்று ஆத்திரமும் பொங்கியது. இரண்டில் ஆத்திரம்தான் எனக்கு வசதியாக இருந்தது.

"வெட்டிட்டுப் புதுசா போடுங்க" என்றேன்.

"விட்டுடலாமேக்கா. பாவம், பெரியவரு."

"நீங்க போடுங்க."

போட்டார். போகும்போது என் போனில் ஒரு ஆப்பையும் ஏற்றிக் கொடுத்தார். ஷெட் ரவுட்டரில் எத்தனை போன் சேர்ந்திருக்கிறது என்று அதில் தெரியுமாம்.

அப்பா திரும்பி வந்தபோது ஷெட் வாசலில் நின்றிருந்தேன். நான் அங்கே போய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அவருக்கு முகம் மலர்ந்தது. "வாம்மா" என்று ஸ்டூலை இழுத்துத் துடைத்தார். நான் உட்காரவில்லை.

"இப்ப பாருங்கப்பா. ஃபுல்லா வருது."

அவர் ரவுட்டரைப் பார்க்கவில்லை. மேசைக்கு அடியில் பார்த்தார். புதுக் கேபிள் நேராகப் போனது. ரொம்ப நேரம் அதையே பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்னவாம்?"

"ஜாயிண்ட்ல கோளாறாம்."

"ஆமா" என்றார். வலது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். "இப்பல்லாம் கை நிக்கிறதில்லம்மா. நடுங்குது."

அந்தக் கை நடுங்கவில்லை. நாற்பது வருஷத்தில் தான் போட்ட ஒரு முடிச்சைக் குறை சொல்ல யாரையும் விட்டதில்லை அந்த மனிதர். இப்போது அவரே குறை சொல்லிக்கொண்டார். உங்க கை நல்லாத்தான் இருக்குப்பா என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால், பிறகு ஏன் அப்படிக் கட்டினீர்கள் என்று கேட்க வேண்டும். கேட்டால் அவர் பதில் சொல்லிவிடக்கூடும்.

"வயசாச்சுல்லப்பா" என்றேன்.

"ஆமாம்மா" என்றார்.

அன்று ஆறு மணிக்குப் பின்வாசல் கதவு திறக்கவில்லை. போனில் வீடியோ கால் வந்தது. திரை முழுக்க அவருடைய நெற்றியும் ஒரு கண்ணும்.

"தெரியுதாம்மா?"

"தெரியுதுப்பா."

"நல்லா வருது."

"சரிப்பா."

அவருக்கு அதற்குமேல் பேச எதுவும் இல்லை. ஹாலிலும் அவர் பேசியதில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார். போனில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. பேச வேண்டும், இல்லாவிட்டால் வைக்க வேண்டும். "அப்ப வெச்சிடறேன்" என்றார். மறுநாளும் அதே ஆறு மணி, அதே நான்கு வரி. ஒரு வாரம் கழித்து நான் வேலை நடுவில் இருந்ததால் இரண்டு நாள் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவர் கூப்பிடவில்லை.

சில நாள் கழித்து ஆப்பைத் திறந்து பார்த்தேன். ஷெட் ரவுட்டரில் சேர்ந்திருக்கும் போன்கள்: பூஜ்யம். விரலால் தள்ளி முந்தைய நாட்களைப் பார்த்தேன். அவர் கடைசியாகக் கூப்பிட்டதற்கு மறுநாளிலிருந்து எல்லா நாளும் பூஜ்யம்தான். சிக்னல் மட்டும் முழுசாக இருந்தது.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "போன் ரிப்பேரோ என்னமோ. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரலாமா?" என்றார்.

"மோட்டார் ஓடற சத்தம் கேக்குதே, நல்லாத்தான் இருக்காரு" என்று சொல்லிவிட்டு, அடுத்த அழைப்புக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.