பொரி ஒட்டிய படகு

அனகாபுத்தூரில் எங்கள் குடியிருப்பில் கார் நிறுத்த இடம் கிடையாது. படகு நிறுத்த இடம் உண்டு. ஆறு பக்கத்திலேயே இருக்கிறது என்று மனை விற்றவர் சொன்னபோது நல்ல காற்று வரும் என்று சந்தோஷப்பட்டோம். தண்ணீரும் வரும் என்பது ஒரு மழைக்காலம் போன பிறகுதான் உறைத்தது.

அந்த மழையில் என் அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் மெயின் ரோடு வரை போனார்கள். அம்மாவுக்கு முட்டி தேய்ந்துபோய்விட்டது. வீட்டுக்குள் நடப்பாள், வெள்ளத்தில் நடக்க முடியாது. விஷயம் கேள்விப்பட்ட அண்ணன் கீழ்க்கட்டளையிலிருந்து போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டான்: "அடுத்த மழைக்கு முன்னாடி அம்மா என் வீட்டுக்கு வந்துடணும். வந்தா வந்ததுதான், திரும்ப அங்க அனுப்ப மாட்டேன்."

அண்ணன் வீடு மூன்றாவது மாடி. அங்கே தண்ணீர் ஏறாது. மனுஷர்களும் அதிகம் ஏற மாட்டார்கள். இங்கேயென்றால் அம்மா சாயங்காலம் கேட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தெருவில் போகிற அத்தனை பேரிடமும் இன்றைக்கு என்ன குழம்பு என்று விசாரித்துவிடுவாள். எனக்கு அவள் என்னோடு இருக்க வேண்டும். இதை அண்ணனிடம் சொன்னால், "பாசத்துல உட்கார்ந்து வெள்ளத்துல போக முடியுமாடி?" என்றான். சரி, நீயே சொல்லு என்று அம்மாவைக் கேட்டால், "நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த நேரத்தில்தான் குடியிருப்போர் சங்கம் கோவளத்திலிருந்து ஒரு பழைய ஃபைபர் படகை வாங்கி வந்தது. லாரியிலிருந்து இறக்கும்போது கேட் கம்பியில் இடித்து, அடிப்பக்கம் ஒரு முழ நீளத்துக்கு விரிசல். அண்ணன் அதையும் விசாரித்துவிட்டான். "அது ஒழுகலேன்னு என் கண்ணால பாக்கணும். பாத்தா அம்மா அங்கயே இருக்கட்டும்."

படகைச் சரிசெய்கிறேன் என்று என் கணவர் முன்வந்தார். சமையலறைக் குழாய் கல்யாணமான நாளிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கிறது, அதை அவர் தொட்டதில்லை. ஆனால் படகைப் பற்றி எல்லா வீடியோவும் பார்த்துவிட்டார். விரிசலைச் சுற்றித் தேய்த்து, கண்ணாடி நார்த் துணியை வைத்து, எபாக்ஸி பிசினால் ஒட்ட வேண்டுமாம். அதன்மேல் ஜெல்கோட் என்கிற வெள்ளைப் பூச்சு. அவ்வளவுதானாம்.

கூட மாட நின்றவர் சங்கத் தலைவர். எங்கள் வீடுகள் இருக்கும் இடமெல்லாம் ஒரு காலத்தில் அவர் குடும்பத்து நெல் வயல். இப்போது ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறார். என் கணவர் பிசினையும் கெட்டியாக்கும் திரவத்தையும் கொஞ்சமாக அளந்து ஊற்றுவதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா சார் நீ, சங்குல பால் ஊத்தற மாதிரி கலக்கினு கீறே? மொத்தமா கலக்கு சார், ஒரே மூச்சுல முட்ச்சிடலாம்."

மொத்தமாகக் கலக்கினார்கள். அம்மாவின் குளியல் மக்கில், என் தோசைக் கரண்டியால். சற்று நேரத்தில் மக்கு கொதித்தது, புகைந்தது, அடிப்பக்கம் உருகி வளைந்தது. துணியில் தடவுவதற்குள் எல்லாம் கல்லாகிவிட்டது. கரண்டி நட்டுவைத்தபடி அதிலேயே நிற்கிறது. மறுமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்ததால் ஒட்டியது. அந்த மக்கைக் கரண்டியோடு என் கணவர் கண்ணில் படும் இடத்தில் வைத்தேன்.

ஜெல்கோட் பூசி முடித்த காலை ஆயுத பூஜை. காற்றுப் பட்டால் அந்தப் பூச்சு பிசுபிசுப்பாகவே நிற்கும், பிளாஸ்டிக் தாள் போட்டு மூட வேண்டும் என்று வீடியோவில் சொல்லியிருக்கிறார்கள். என் கணவர் தாளோடு போனார். தலைவர் மறித்தார்.

"பூஜ அன்னிக்கி மூஞ்சிய மூடி வெச்சா சாமி எப்டி சார் பாக்கும்?"

கவிழ்த்துக் கிடந்த படகுக்கு எது மூஞ்சி என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு முனையிலும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். சக்கரம் இல்லாததால் எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று ஒரு விவாதம் நடந்தது. கற்பூரம் காட்டி முடித்ததும் தலைவர் பக்தி மிகுதியில் ஒரு கை பொரியை அள்ளிப் படகின்மேல் போட்டார். "சார், ஈரம்! ஈரம்!" என்று என் கணவர் கத்தினார். அதற்குள் வரிசையில் நின்ற எல்லோரும், இதுதான் முறை போலிருக்கிறது என்று ஆளுக்கொரு கை அள்ளிப் போட்டுக் கும்பிட்டார்கள். பொரி, பொட்டுக்கடலை, சாமந்தி இதழ், எல்லாம் ஒட்டிக்கொண்டது. பொரிக்கு ஆசைப்பட்டு இறங்கிய காக்கை ஒன்று கால் ஒட்டி, பதறிப் பிய்த்துக்கொண்டு பறந்தது.

தின்னர் ஊற்றித் துடைத்தார்கள். உப்புத்தாளால் தேய்த்தார்கள். பாதிப் பொரி போனது, பாதி பூச்சோடு பூச்சாகத் தங்கிவிட்டது. படகு அம்மை போட்ட மாதிரி நின்றது. பார்த்துப் பார்த்துச் சிரித்தேன். சமையலறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன், அண்ணன் வருவதாகச் சொல்லியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். ஆற்றில் இறக்கிப் பார்க்கும் தைரியம் யாருக்கும் இல்லை. படகை நிமிர்த்திச் செங்கல்மேல் வைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பினோம். உள்ளே இருப்பது வெளியே வராவிட்டால் வெளியே இருப்பதும் உள்ளே வராது என்பது என் கணவரின் கணக்கு. எதிர்வீட்டு அக்கா குடத்தோடு வந்து, "நல்ல தண்ணியா, போர் தண்ணியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அம்மா படகை ஒட்டி நாற்காலியில், கையில் தண்ணீர் டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள்.

அண்ணன் ஒரு முனையில் குனிந்து, செல்போன் வெளிச்சத்தில் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தான். அப்போதுதான் நாங்கள் நின்ற முனையில், விரிசலின் வால் பக்கவாட்டில் ஏறி முடியும் இடத்தில், ஒரு பொரிக்குப் பக்கத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. மறுபடியும் சொட்டியது. தரை நனைந்தது. நான் பார்த்தேன், என் கணவர் பார்த்தார், தலைவர் பார்த்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அம்மா டம்ளரை அந்த ஈரத்தின்மேல் நிதானமாகக் கவிழ்த்தாள்.

"இங்க என்ன ஈரம்?" அண்ணன் நெருங்கிவிட்டான்.

"கை நடுங்கிடுச்சுடா, தண்ணியக் கொட்டிட்டேன். உள்ள போய் இன்னொரு டம்ளர் கொண்டா."

அவன் உள்ளே போனதும் தலைவர் சட்டென்று படகில் சாய்ந்து, கட்டைவிரலை அந்த இடத்தில் அழுத்திக்கொண்டார். அண்ணன் திரும்பி வந்து, மீதியையும் பார்த்தான். தலைவர் நின்ற இடத்தை மட்டும் மரியாதைக்காக விட்டுவிட்டான்.

"பரவால்லியே. சரி, இங்கயே இருக்கட்டும்."

அவன் வண்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் தலைவர் கேட்டார், "இன்னாம்மா, இப்போ கைய எட்த்துக்கலாமா?"

அம்மா தலையாட்டிவிட்டு என் கணவர் பக்கம் திரும்பினாள். "மாப்பிள்ளை, மழைக்கு முன்னாடி அந்த எடத்த ஒழுங்கா அடைச்சிடுங்க. அதுல போகப் போறவ நான்தான்."

எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. "இங்கதான் இருக்கணும்னு வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல? இத்தனை நாள் எங்கள இப்படி அலைய விட்டியே!"

அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

"அவனும் நான் பெத்தவன்தானேடி. உன் வீடு வேணாம்னு அவன்கிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்?"