சேதாரத்தில் எழுதிய சாய்வு

போன செவ்வாய்க்கிழமை எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் போட்டு முடித்தார்கள். நல்ல வேலைதான். என்ன... வீட்டு வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவே முழங்கால் உயரத்துக்கு ஒரு கான்கிரீட் திட்டு!

எதிர் வீட்டு மேரி மீன் விற்பவள். அவள் வீட்டுக்காரருக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்துதான் ஆட்டோவில் ஏற்றுவாள். இருந்த சாய்வுப் பாதையை வடிகாலுக்காக இடித்தாயிற்று. சனிக்கிழமை ஆஸ்பத்திரி. ஒற்றை ஆளாக எப்படித் தூக்குவாள்?

அளவெடுக்க வந்த இன்ஜினியர் பெண்ணை மேரி பிடித்துக்கொண்டாள். எனக்கு வெளி மனிதர்களிடம் பேசக் கூச்சம். துணைக்குப் போய் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

சாய்வு எஸ்டிமேட்டிலேயே இல்லையாம். எப்போதோ, யாரோ ஆபீஸில் உட்கார்ந்து போட்டது. திருத்திக் கேட்டால், ‘ஏற்கெனவே மாநகராட்சியே கடனில்தான் ஓடுகிறது’ என்று ஃபைல் திரும்பி வந்துவிடுமாம். சொல்லும்போதே அந்தப் பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது.

“இன்னா மேடம், இத போட்டவரு வூட்டுக்கு வாசலே கெடயாதா?” என்றாள் மேரி.

அந்தப் பெண் கையிலிருந்த எஸ்டிமேட் தாள்களை மடித்து வைக்கப் போனாள்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ... “ஏம்மா, நகைக் கடைல போடற மாதிரி உங்க எஸ்டிமேட்லயும் சேதாரம்னு ஏதாவது உண்டா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு இதெல்லாம் எதற்கு?

“யக்கா, உனக்குப் பேசக்கூட வருமா?” என்றாள் மேரி.

அந்தப் பெண் தாளைப் புரட்டினாள். கான்கிரீட்டில் கொஞ்சம் வீணாகும் என்று தனியே ஒதுக்கியிருந்தார்களாம். மேஸ்திரியைக் கூப்பிட்டாள். “அடுத்த தெரு வேலைல மிஞ்சற கலவையை இங்க கொட்டிச் சரிவா இழுத்து விடுங்க. வேஸ்டேஜ்லயே எழுதிக்கறேன்.”

சனிக்கிழமை காலை நாற்காலி குலுங்காமல் ரோட்டுக்கு இறங்கியது.

பட்ஜெட் அன்று டிவியில் படித்தவர்கள் சண்டை போட்டார்கள் — மதிப்பிட்டது ஒன்று, செலவானது ஒன்று, நாட்டின் கடன் ஏறிக்கொண்டே போகிறது என்று. கேட்க வேண்டியதுதான். நம் பணமாயிற்றே! ஆனால், அவ்வளவு உயரத்திலிருந்து போடும் கணக்கில் மேரி வீட்டு வாசல் எப்படித் தெரியும்? செலவு கூடினால் யாரோ தின்றுவிட்டார்கள் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதுவும் இருக்கும். எங்கேயோ ஒரு வாசல் விட்டுப்போயிருக்கும் என்றும் இப்போது தோன்றுகிறது.

மயிலாப்பூரில் எந்தத் தெரு என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தப் பெண் இன்னும் நாலு தெருவுக்கு வடிகால் போட வேண்டியிருக்கிறது.