ஆரின்ர நிலம்?

ஹில்ஸ்பரோ பஸ் தரிப்பிடத்தில் மழை சாய்ந்து அடிக்கிறது. மகளுக்கு இன்னொரு சுவெற்றர் போட்டிருக்கலாமோ என்று யோசிக்கிறேன். பக்கத்தில் கைக்குழந்தையோடு, இந்த நாட்டின் ஆதிகுடியான ஒரு மாவோரிப் பெண். என் வயதுதான் இருக்கும். எங்கிருந்து வருகிறோம் என்று ஆங்கிலத்தில் கேட்கிறாள்.

"சிட்னி. தங்கச்சியைப் பாக்க வந்தனாங்கள்."

"அங்க ஆரின்ர நிலத்தில இருக்கிறியள்?"

"சொந்த வீடுதான். மோட்கேஜ் இருக்கு."

அவள் சிரிக்கிறாள். "அப்ப பாங்கின்ர நிலம். நான் கேட்டது, வெள்ளைக்காரர் வர முன்னம் அங்க இருந்த சனம் ஆரெண்டு."

அடுத்த மாதம் எனக்கு ஆஸ்திரேலியக் குடியுரிமை கிடைக்கப்போகிறது. யாராவது கேட்டால் என்று அந்நாட்டுப் பிரதமர்களின் பெயர்களை வரிசையாகப் பாடமாக்கி வைத்திருக்கிறேன். ஆதிகுடிகளின் நில உரிமை பற்றி டிவியில் அடிக்கடி செய்தி வருகிறது. எங்கள் வீடு இருக்கும் இடம் யாருடையது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"தெரியாது. திரும்பிப் போய்க் கேக்கிறன்."

"ஓம், அந்தச் சனத்திட்டயே கேளுங்கோ."

அவளுடைய பஸ் வருகிறது. குழந்தையின் கையைப் பிடித்து எங்களுக்கு அசைத்துவிட்டுப் போகிறாள்.

"அவையளில ஆரையம்மா உங்களுக்குத் தெரியும்?" என்று மகள் ஆங்கிலத்தில் கேட்கிறாள்.

நான் அவளுடைய மழைச்சட்டையின் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறேன். எல்லாம் ஏற்கெனவே பூட்டித்தான் இருக்கின்றன.