ஐப்பசி பன்னிரண்டாம் தேதி

1955-ஆம் வருஷம், அக்டோபர் 28, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்றே முக்கால் மணி. கொழிஞ்சாம்பாறையில் வானம் மூடிக் கிடந்தது. மழை என்று சொல்ல முடியாத தூறல். நானும் என் மனைவியும் பாலக்காடு பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருட்டு, ஒரு தகர டப்பா. டப்பாவில் வெல்லப் பலகாரம், நாற்பது கச்சாயம் இருந்தது. சுட்டது அவள், எண்ணியது நான்.

சென்னையில் இருந்த அவள் தம்பியைப் பார்க்கப் போனோம். ஆறு வயதில் தாயை இழந்தவன். அவள்தான் வளர்த்தாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு எங்களோடுதான் இருந்தான். பத்தொன்பது வயதில் நாடகக் கம்பெனியில் சேரப் போகிறேன் என்றான். நான் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். என் மானம் போய்விடும் என்று நினைத்தேன். "முகத்துல சாயம் பூசினா இந்த வாசப்படி மிதிக்காதே" என்று சொன்னேன். அவனும் மிதிக்கவில்லை. ஒன்பது வருஷம் ஒரு வரி எழுதவில்லை.

பிறகு ஒரு கார்டு வந்தது. ஐப்பசி பன்னிரண்டாம் தேதி மாலை ஆறரைக்குச் சென்னையில் நாடகம், முதல் தடவையாக அவன்தான் கதாநாயகன், மறுநாள் கம்பெனி முழுவதும் பினாங்குக்குக் கப்பல் ஏறுகிறது, திரும்பி வர எத்தனை வருஷம் ஆகுமோ தெரியாது, அக்காவை எப்படியாவது கூட்டிக்கொண்டு வாருங்கள் மாமா என்று எழுதியிருந்தான். தங்கியிருக்கும் விடுதியின் விலாசமும் இருந்தது. கிழமை எழுதவில்லை.

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். எங்கள் ஊர் அப்போது திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஆஜர் புத்தகம் முதல் சம்பளப் பட்டியல் வரை எல்லாம் மலையாளத் தேதிதான். வீட்டில் ஐப்பசி என்று சொல்வோம், காலண்டரில் துலாம் என்று இருக்கும். இரண்டும் ஒன்று என்பதே எங்கள் வழக்கம். துலாம் பன்னிரண்டு சனிக்கிழமையில் வந்தது. நாடகம் சனி, கப்பல் ஞாயிறு. பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு போதும். எனக்காகவே வைத்தது போல இருந்தது.

நவராத்திரி முடிந்த வாரம் அது. பட்டணம் போகிறதுதான் போகிறோம், இரண்டு நாளும் வீணாகக் கூடாது என்று திட்டம் போட்டேன். நான்கு ராத்திரி உட்கார்ந்து ஒரு முழுத் தாளில் எழுதினேன். சனி காலை பத்திலிருந்து பன்னிரண்டரை வரை மியூசியம். ஒரு மணிக்குச் சாப்பாடு. இரண்டிலிருந்து மூன்றரை வரை மிருகக் காட்சிசாலை. நாலரைக்கு மைத்துனன். ஆறரைக்கு நாடகம். ஞாயிறு காலை துறைமுகத்தில் வழியனுப்புதல், மயிலாப்பூர்க் கோயில், மாலையில் கச்சேரி, அங்கிருந்து ரயிலடி.

"வர்றோம்னு ஒரு கார்டு போட்டுருங்களேன்" என்றாள் மனைவி. நான் போடவில்லை. நான் எழுதினால் ஒன்பது வருஷக் கோபத்தை நானே இறக்கிவைத்த மாதிரி ஆகிவிடும். நேரில் போய் நிற்போம், அவன் வந்து காலில் விழட்டும் என்று இருந்தேன்.

பாலக்காட்டை அடுத்த ஒலவக்கோட்டில் மெயில் பிடித்தோம். சென்னை சென்ட்ரலில் இறங்கும்போது சனிக்கிழமை காலை எட்டு ஐந்து. இருபத்தைந்து நிமிஷம் தாமதம். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"ஏனுங்க, மொதல்ல தம்பியப் பாத்துப்போட்டுப் போலாங்களே" என்றாள்.

"ராத்திரி நாடகம் ஆடறவன் பகல்ல தூங்குவான். நாலரைக்குத்தான் அவன்."

"தூங்குனா எழுப்ப வேண்டாமுங்க. எட்டிப் பாத்துட்டு வந்தர்லாம்."

"மியூசியம் பத்து மணிக்குத் தொறக்கறாங்க. முன்னாடி ரூம் பாக்கணும், குளிக்கணும்."

"அந்தச் செலைக எங்கீங்க ஓடிப் போகுது?"

"உன் தம்பி மட்டும் எங்க ஓடப் போறான்? ஒம்பது வருஷம் ஓடினது பத்தலயா?"

அவள் டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பின்னால் வந்தாள்.

மியூசியத்தில் பஞ்சலோகச் சிலைகள் இருந்த கூடத்தில் நான் ஒவ்வொன்றின் கீழும் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன். அவள் "சரீங்க, சரீங்க" என்றாள். பன்னிரண்டரைக்கு வெளியே வந்து தாளில் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டேன். புலிக்கும் சிங்கத்துக்கும் ஆளுக்கொரு கோடு போட்டேன். நாலு இருபதுக்கு ஜார்ஜ் டவுனில் அந்த விடுதிக்குப் போய்ச் சேர்ந்தோம். பத்து நிமிஷம் முன்னதாக வந்துவிட்டோம் என்று அவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

மானேஜர் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

"நாடகக்காரங்களா? காலையிலே ஒம்பதரைக்கே ஜட்கா ஏறி ஆர்பருக்குப் பூட்டாங்களே சார். கப்பல் பன்னெண்டரைக்கு எடுத்திருப்பான்."

"நாளைக்கல்லவா கப்பல்? ஐப்பசி பதிமூணு."

அவர் பின்னால் சுவரைக் காட்டினார். தாள் கிழிக்கும் தமிழ்க் காலண்டர். ஐப்பசி 13, சனிக்கிழமை.

எனக்குத் தெரியாத விஷயமில்லை. சில வருஷம், சில மாதம், மாதப் பிறப்பு நேரம் மத்தியானத்துக்குப் பின்னால், அஸ்தமனத்துக்கு முன்னால் வந்துவிட்டால், தமிழ் மாதம் அன்றைக்கே பிறந்துவிடும். மலையாள மாதம் மறுநாள்தான் பிறக்கும். அந்த மாதம் முழுக்க ஒரு நாள் வித்தியாசம். பையன்களுக்குக்கூட விளக்கியிருக்கிறேன். அவனும் எங்கள் ஊர்க் கணக்கில்தான் எழுதியிருப்பான் என்று எடுத்துக்கொண்டேன். ஒன்பது வருஷமாக அவன் இருந்தது சென்னையில். முந்தின நாள் மாலை நாங்கள் ஒலவக்கோட்டில் ரயில் ஏறிய நேரத்தில் அங்கே திரை தூக்கிவிட்டார்கள்.

என் மனைவி மானேஜரிடம் கேட்டாள். "செவப்பா, மோவாயில ஒரு தழும்போட ஒரு பையன் இருந்தானுங்களா?"

"ஈரோ ஆடுனாரே, அவர்தானே? ராத்திரி ஆட்டம் முடிஞ்சி வந்து வாசல்லயே குந்திக்கினு இருந்தாரும்மா. ஊர்லேந்து அக்கா வரும்னாரு. வண்டி ஏறச் சொல்லவும் தெருமுனையத்தான் பார்த்தாரு. நீங்கதானா அது?"

அவள் தலையை ஆட்டினாள். டப்பாவை மேஜைமேல் வைத்து, "நீங்க சாப்புடுங்க" என்றாள். வெளியே வந்து நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. ஜட்கா பிடித்துத் துறைமுகம் போனோம். வாசலில் காவலாளி உள்ளேயே விடவில்லை. போன கப்பலுக்கு என்ன வழியனுப்பல் என்று சிரித்தான்.

சென்ட்ரலிலிருந்து அந்த விடுதி ஒரு மைல்கூட இல்லை. எட்டு ஐந்துக்கு இறங்கினோம், அவன் ஒன்பதரைக்குக் கிளம்பினான். நடுவில் ஒரு மணி இருபத்தைந்து நிமிஷம் இருந்தது. அந்த நேரத்தில் நான் ரூம் வாடகையில் நாலணா குறைக்கப் பேசிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் செய்ததைச் சொல்ல இன்னும் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்வது என்று தெரியாமல் தாளில் இருந்தபடியே செய்தேன். மயிலாப்பூருக்குக் கூட்டிப் போனேன். சீட்டு வாங்கியாகிவிட்டதே என்று கச்சேரிக்கும் கூட்டிப் போனேன். மூன்று மணி நேரம் அவள் கைகளை மடியில் வைத்தபடி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் தாளம் போட்டார்கள்.

மூன்று மாதம் கழித்துப் பினாங்கிலிருந்து அவன் கடிதம் வந்தது. முன்வரிசையில் இரண்டு நாற்காலியைக் கடைசிவரை யாருக்கும் விடவில்லை என்றும், திரை தூக்குவதைப் பத்து நிமிஷம் நிறுத்திவைத்ததாகவும் எழுதியிருந்தான். மாமாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று புரிந்துகொண்டேன், இனிமேல் தொந்தரவு செய்ய மாட்டேன் என்று முடித்திருந்தான். அனுப்புகிறவர் விலாசம் இல்லை. தபால் முத்திரையைப் பார்த்தும், நாடகக்காரர்களை விசாரித்தும் மூன்று விலாசங்களுக்கு எழுதினேன். மூன்றும் திரும்பி வந்தன. நாங்கள் வந்தோம் என்பது அவனுக்குக் கடைசிவரை தெரியாது.

என் மனைவி அந்தக் கடிதத்தை ஒரு தடவை படித்தாள். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் என்னிடம் நாள், தேதி, கிழமை எதையும் கேட்டதில்லை. அமாவாசை என்றைக்கு என்று தெரிய வேண்டுமானால், நான் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும், கடைவீதியில் மளிகைக் கடை ராவுத்தரிடம் போய்க் கேட்டுவிட்டு வருவாள். பதினாறு வருஷம் அப்படியே கேட்டாள், பிறகு போய்ச் சேர்ந்துவிட்டாள்.

எனக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. எதையும் எண்ணாமல் இருக்க முடியாத சுபாவம் இன்னும் போகவில்லை. ஒருத்திக்குத் தம்பியும் ஒருவனுக்கு அக்காவும் இல்லாமல் ஆக்க எனக்கு ஆன செலவு, ரயில், பஸ், ஜட்கா, ரூம் வாடகை, சாப்பாடு, கச்சேரிச் சீட்டு எல்லாம் சேர்த்து, அறுபத்தெட்டு ரூபாய் பதினோரு அணா.