கிணற்றில் பாம்பு இருப்பதாகச் சொன்னவன்

பாளையங்கோட்டையில் போட்டித் தேர்வுப் பயிற்சி நிலையம் ஒன்றுக்குக் கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவன் நான். மாடியில் பாடம் நடத்துகிறவர்களைவிட எனக்கு விஷயம் அதிகம் தெரியும் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அவர்கள் ஒரு வினாத்தாளை ஒருமுறை பார்க்கிறார்கள், நான் அதையே நூறு தடவைக்கு மேல் பார்க்கிறேன். இயந்திரம் ஓடி முடிகிறவரை நிற்கிறவனுக்கு வேறு என்ன வேலை, படிக்க வேண்டியதுதான். வரலாறும் பொருளாதாரமும் மண்டையில் தங்கவில்லை. தர்க்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஒரு கூற்றைக் கொடுத்து, அதற்குள் சொல்லாமல் ஒளிந்திருக்கும் ஊகம் எது என்று கேட்பார்கள். இல்லையென்றால் இரண்டு கூற்றைக் கொடுத்து, இதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம் என்பார்கள். அந்தப் பக்கம் வந்தால் நான் வாடிக்கையாளரைக் கவனிக்க மாட்டேன்.

இயந்திரத்தில் சிக்கிக் கசங்கிய தாள்களை வீட்டுக்குக் கொண்டுவருவேன். என் தங்கை அப்போது குரூப் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா அம்மா இரண்டு பேருமே இல்லை. பச்சை கேட் போட்ட பழைய வீடு, பின்னால் ஒரு கிணறு, அந்த வீட்டில் நான், என் மனைவி, தங்கை. சாயங்காலம் காப்பி குடித்தபடி கசங்கிய தாளை நீவி நீவிக் கேள்வி கேட்பேன். இதில் ஒரு சிக்கல் உண்டு. கேள்வித்தாள் வாரத்துக்கு நாலு முறை சிக்கும், விடைத்தாள் மட்டும் ஒருநாளும் சிக்காது. ஆகவே எங்கள் வீட்டில் யார் கடைசிவரை சத்தம் குறையாமல் பேசுகிறார்களோ அவர்கள் சொல்வதே விடை.

ஒருநாள் வந்த கேள்வி: ‘வெளியே போகும்போது குடை எடுத்துச் செல்’ என்று தாய் மகனிடம் சொல்கிறாள். இதில் உள்ள ஊகம் என்ன? மழை வரலாம் என்பது ஒன்று, வீட்டில் குடை இருக்கிறது என்பது இன்னொன்று என்றாள் தங்கை. நான் விடவில்லை. மகன் அம்மா பேச்சைக் கேட்பான் என்பது மூன்றாவது என்றேன். குடையில் கம்பி ஒடியவில்லை என்பது நாலாவது என்று அடுப்படியிலிருந்து என் மனைவி சேர்த்துக்கொண்டாள். எங்கள் வீட்டுக் குடையைப் பற்றிய அந்த மறைமுகத் தாக்குதலை நான் கண்டுகொள்ளவில்லை.

இன்னொரு நாள், எல்லாப் பேனாக்களும் யானைகள், எல்லா யானைகளும் மேசைகள், ஆகவே எல்லாப் பேனாக்களும் மேசைகளா என்று இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பேனா எப்படி யானையாகும், எந்த மடையன் எழுதிய கேள்வி என்று தாளை வீசினேன். தங்கை அதை எடுத்து மறுபடி நீவினாள்.

“அண்ணே, ஒனக்கு இது ஒரு வியாதி. ஒனக்குத் தெரிஞ்சதையெல்லாம் உள்ள சொருகுத. தாள்ல என்ன இருக்கோ அத மட்டும் பாரு.”

படிக்கிற பிள்ளை சும்மா பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

பயிற்சி வகுப்பில் அவளுக்குப் பக்கத்து பெஞ்சில் இருந்தவரை அவளுக்குப் பிடித்திருந்தது. அவர் முந்தின வருடமே தேர்ச்சி பெற்று வேலைக்குப் போய்விட்டார். இதை முதலில் என் மனைவியிடம் சொல்லி, அவள் என்னிடம் சொல்லி, நான் ஒரு நாள் முழுக்க முறைத்துவிட்டுச் சரி என்றேன். மாப்பிள்ளைக்கு ஊர் உடன்குடி. அப்பா இல்லாதவர், தாய்மாமா வளர்த்த பிள்ளை. மாமா சரி என்றால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அவர் ஒருநாள் எங்கள் பக்கம் வந்து நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் வாய் திறப்பாராம். படித்த பெண், வேலை பார்க்கிற பையன், இருந்தும் கடைசியில் டீக்கடைக்காரர் என்ன சொல்கிறார் என்பதில்தான் கல்யாணம் வந்து நிற்கிறது. எங்கள் பக்கத்தில் அது அப்படித்தான்.

தங்கை என்னிடம் அதுவரை எதையும் கேட்டதில்லை. இதை மட்டும் கேட்டாள். தெருவில் உள்ளவர்களிடம் பைய ஒரு வார்த்தை சொல்லி வைக்கச் சொன்னாள். நான் சும்மா இருப்பேனா? டீக்கடைக்காரர், பலசரக்குக் கடை அண்ணாச்சி, இஸ்திரி போடுகிறவர் என்று மூன்று பேரையும் தனித்தனியாகப் பார்த்து, என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பாடமே நடத்தினேன். விசாரிக்க வருகிறவரின் அங்க அடையாளங்களையும் தர்க்கப்படி வகுத்துக் கொடுத்தேன். உடன்குடி ஆள், பெரிய மனுஷன், ஆகவே வெள்ளை வேட்டி. கல்யாணப் பேச்சு, ஆகவே தனியாக வர மாட்டார். வெயில் தாழ்ந்துதான் வருவார். வந்ததும் டீ குடிப்பார்.

இதற்கு நடுவில் எனக்கு வேறொரு எரிச்சல் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் ஒரு அடுக்குமாடிக் கட்டடம் எழும்பியதிலிருந்து வீட்டு புரோக்கர்கள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். பழைய வீடு, பின்னால் இடம், கிணறு, கொடுத்துவிடுங்கள் என்று இரண்டு பேர் வீடு தேடி வந்தே கேட்டார்கள். ஒருத்தன் தங்கையை வழியில் நிறுத்தி, உனக்கும் பங்கு உண்டல்லவா என்று ஆரம்பித்திருக்கிறான். அன்றிலிருந்து புரோக்கர் என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு முற்பகலில் என் கடைக்கு ஒருவர் வந்தார். மோட்டார் சைக்கிள், ஹெல்மெட், பேன்ட்டுக்குள் சொருகிய சட்டை, பையில் இரண்டு செல்போன். ஒரு பிளாஸ்டிக் ஃபைலைத் திறந்து நிலப் பட்டா ஒன்றையும் அளவு வரைபடம் ஒன்றையும் எடுத்து மூன்று மூன்று பிரதி கேட்டார். தாள் வெளியே வந்துகொண்டிருக்கும்போது, அடுத்த தெருவில் பச்சை கேட் போட்ட வீடு தெரியுமா, அங்கே ஆட்கள் எப்படி என்றார். இரண்டு செல்போன், பட்டா, என் வீடு. எனக்கு முடிவு ஒரு நொடியில் வந்துவிட்டது. ஆனால் நான் அந்த வீட்டுக்காரன் என்று காட்டிக்கொள்ளவில்லை. வேறு ஆள் சொன்னால்தான் புரோக்கர் நம்புவான்.

பிக்கல் பிடுங்கல் ஏதும் உண்டா என்று அவர் கேட்டார். அண்ணனுக்கும் தங்கைக்கும் கோர்ட்டில் வழக்கு நடக்கிறது, இந்த ஜென்மத்தில் முடியாது என்றேன். அண்ணன் எப்படி என்றார். அவன் ஒரு மாதிரி, மண்டைக்கு வழியில்லாதவன், வாசலுக்கு வருகிறவர்கள் மேல் தண்ணீரைக் கோரி ஊற்றுவான் என்றேன். அந்தப் பிள்ளை என்று இழுத்தார். “அண்ணனுக்கு மேல. இதுக்கு முன்ன ரெண்டு பேரு பேச வந்தாங்க அண்ணாச்சி, திரும்பிப் பாக்காம ஓடிட்டாங்க” என்றேன். அவர் முகம் வாடியதைப் பார்த்து எனக்கு உற்சாகம் கூடிவிட்டது. கடைசியாக, கேட்காமலே, கிணற்றில் பாம்பு வேறு இருக்கிறது, கருநாகம் என்று சொல்லி அனுப்பினேன்.

“நல்லவேளை ஒம்மட்ட கேட்டேன் வே” என்று சொல்லிவிட்டு அவர் போனார். மத்தியானம் சாப்பிட வந்தபோது ஒரு புரோக்கரை விரட்டிய கதையை மனைவியிடம் இரண்டு முறை சொன்னேன். இரண்டாவது முறை பாம்பைக் கொஞ்சம் பெரிதாக்கினேன்.

நாலு நாள் கழித்து தங்கை வகுப்பிலிருந்து வந்தவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை போனில் சொல்லியிருக்கிறார், மாமா வேண்டாம் என்றுவிட்டாராம். வந்து விசாரித்தாராம், தெருவில் யாரோ கேவலமாகச் சொல்லியிருக்கிறார்களாம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. என் தங்கையைப் பற்றி எவன் சொன்னான்? தர்க்கப்படி யோசித்தேன். பலசரக்குக் கடை அண்ணாச்சிக்கும் எனக்கும் வண்டு விழுந்த உளுந்து விஷயத்தில் மனஸ்தாபம் உண்டு. ஆகவே அவர்தான். போய் நியாயம் கேட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கடைக்கு யாருமே வந்து விசாரிக்கவில்லை என்று சத்தியம் செய்தார். டீக்கடையிலும் யாரும் வரவில்லை என்றார்கள். இஸ்திரிக்காரர், நான் சொல்லிக் கொடுத்த பாடம் மறந்துபோகிற அளவுக்கு நாளாகிவிட்டது, இன்னும் ஆள் வரவில்லையே என்று என்னைக் குறை சொன்னார். யாரிடமும் விசாரிக்கவில்லை, ஆனால் விசாரித்திருக்கிறார்கள். இந்த இரண்டு கூற்றையும் வைத்து, மூன்று பேரும் கூட்டுச் சதி செய்துவிட்டார்கள் என்ற முடிவோடு வீடு திரும்பினேன்.

தங்கை அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். அவள் என் கசங்கிய தாள் ஒன்றின் பின்பக்கத்தில், மாமா சொன்னதாக மாப்பிள்ளை சொன்னதை வரிசையாக எழுதிக்கொண்டிருந்தாள். வாய்விட்டு வாசித்தாள். கோர்ட்டில் வழக்கு. அண்ணன் மண்டைக்கு வழியில்லாதவன். இதற்கு முன்பு பேச வந்த இரண்டு மாப்பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். கிணற்றில் கருநாகம்.

பாம்பைச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். என் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு தங்கையும் பார்த்தாள். இரண்டு பேரும் திட்டியிருந்தால் நான் திருப்பிக் கத்தியிருப்பேன்.

“பட்டாதான் கொண்டுவந்தான். ரெண்டு போன் வச்சிருந்தான். அவன் புரோக்கர்” என்றேன்.

“வந்தவரு புரோக்கர்னு தாள்ல எங்க இருந்துச்சு, அண்ணே?” என்றாள் தங்கை.

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். அப்பா சாவுக்குப் பிறகு அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. என் வாயாலேயே கெடுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் நானும் தங்கையும் உடன்குடிக்குப் பஸ் ஏறினோம். குரும்பூர் தாண்டும்வரை நான் மனத்துக்குள் ஒத்திகை பார்த்தேன். அந்த அண்ணனைப் பற்றி நான் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். ஆனால் அந்த அண்ணன் நான்தான். அண்ணன் நல்லவன் என்றால் பொய் சொல்லியிருக்க மாட்டான். பொய் சொன்னான் என்றால் நல்லவன் இல்லை. எந்தப் பக்கம் போனாலும் முட்டியது. இதற்குப் பேனாவும் யானையுமே தேவலை என்று தோன்றியது.

மாமா கதவைத் திறந்தார். அன்றைக்குத்தான் வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். “நீரு ஜெராக்ஸ் கடைக்காரர்லா? இங்கன எங்க வந்தீரு?” என்றார். நான்தான் அந்தப் பச்சை கேட் வீட்டு அண்ணன் என்றேன். அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார், தங்கையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

“அப்ப அவன் மண்டைக்கு வழியில்லாதவன்னு சொன்னது நெசந்தான்.”

உள்ளே உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டார். பட்டா அவருடைய சொந்த நிலத்துடையதாம், அன்று காலையில் அது விஷயமாக ஓர் அலுவலகத்துக்கு வந்தவர் அப்படியே இதையும் முடித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். டீக்கடையிலும் பலசரக்குக் கடையிலும் பெண் வீட்டார் முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார்கள், ஜெராக்ஸ் கடைக்காரன்தான் ஒட்டும் இல்லாமல் உறவும் இல்லாமல் உண்மையைச் சொல்வான் என்பது அவருடைய கணக்கு. அதைச் சொல்லும்போதே அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. என்னைப் போல இன்னொரு அறிவாளி இருப்பதில் எனக்கு லேசாக ஆறுதல் பிறந்தது.

ஆனால் அவர் விடவில்லை. “புரோக்கர்னே வச்சுக்கிடுவோம். விக்க முடியாதுன்னு ஒரு வார்த்த போதும்லா. இம்புட்டுப் பொய் எதுக்குவே?”

இதற்கு நான் ஒத்திகை பார்க்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“இவ தலதீவாளிக்கு எங்கன வருவா, அண்ணாச்சி? அப்பா இல்ல, அம்மா இல்ல. இவளுக்கு வந்து போக அந்த வீடுதான் இருக்கு.”

தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமா தன் செல்போன்கள் இரண்டையும் மேசை மேல் நேராக அடுக்கி வைத்தார். பிறகு உள்ளே பார்த்து, மூன்று கருப்பட்டிக் காப்பி கொண்டுவரச் சொன்னார், சம்பந்தக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று.

திரும்பி வரும் பஸ்ஸில் தங்கை ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். நான் வீட்டை விற்க மாட்டேன் என்று நிற்பது வெறும் வீம்பு என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாளாம். அது எந்தத் தாளில் இருந்தது என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, எனக்கே உண்மைக் காரணம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

கல்யாணம் முடிந்தது. அவள் தேர்விலும் தேறினாள், என் பயிற்சிதான் காரணம் என்று மாடியில் உள்ளவர்களிடம் சொல்லி வருகிறேன். தலைதீபாவளிக்கு மாப்பிள்ளையோடு மாமாவும் வந்தார். அப்படி வரும் வழக்கமில்லைதான், ஆனால் வந்தார். கையில் ஓலைக் கொட்டானில் கருப்பட்டி. அதை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, உட்காராமல் நேரே கொல்லைப்புறம் போய், கிணற்றுச் சுவரைப் பிடித்துக் குனிந்து, செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்து நாலா பக்கமும் பார்த்தார். தங்கை பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“பாம்பக் காணோமே வே” என்றார் மாமா.

“அதுட்டயும் சொல்லி வச்சிருக்கேன், அண்ணாச்சி” என்றேன்.