ஹேண்ட் பிரேக் போடாத தெரு

எங்கள் தெருவில் கார் வைத்திருக்கிறவர்கள் யாரும் ஹேண்ட் பிரேக் போடமாட்டார்கள். கியரிலும் நிறுத்தமாட்டார்கள். நியூட்ரலில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு செங்கலை முட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுவார்கள். சென்னையிலிருந்து வந்த என் சம்பந்தியம்மா இதைப் பார்த்துவிட்டு, "அப்போ வண்டி உருண்டு போயிடாதா?" என்று கேட்டார். "உருளணும்னுதானே அப்படி விடுறது" என்றேன். நான் அவரைக் கிண்டல் செய்வதாக நினைத்து, அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

கிண்டல் இல்லை. தூத்துக்குடி பஜாருக்குப் பின்னால் இருக்கிற தெரு. ஒரு கார் நின்றால் இன்னொரு கார் கண்ணாடியை மடக்கிக்கொண்டுதான் தாண்டிப் போகும். எந்த வீட்டிலும் வண்டி நிறுத்த இடம் கிடையாது. அதனால் எல்லா வண்டிகளும் ஒரே சுவரை ஒட்டி, மூக்கும் வாலும் இடிக்க வரிசையாக நிற்கும். நடுவில் நிற்பவர் வெளியே எடுக்க வேண்டுமென்றால், செங்கலை உருவிவிட்டு முன்னால் நிற்பதை முன்னேயும் பின்னால் நிற்பதைப் பின்னேயும் கொஞ்சம் தள்ளிவிட்டு எடுத்துக்கொள்வார். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, கதவைத் தட்ட வேண்டியதில்லை. இப்படித் தள்ளித் தள்ளி, காலையில் நம் வாசலில் நின்ற வண்டி சாயங்காலம் நாலு வீடு தள்ளி டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நிற்கும். அதைத் தேடிப் போவது எங்களுக்கு ஒரு வேலையே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. கடல் கூப்பிடு தூரத்தில். காற்றில் அவ்வளவு உப்பு. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுச் சில நாள் எடுக்காமல் இருந்தால் உள்ளே துருப் பிடித்துச் சக்கரம் அப்படியே இறுகிவிடும். பிறகு மெக்கானிக் வந்து சுத்தியலால் அடித்தால்தான் உண்டு.

இந்தச் சட்டத்துக்கு எங்கள் தெருவில் போலீஸ், நீதிபதி எல்லாம் என் வீட்டுக்காரர்தான். படகு என்ஜினுக்கு உதிரிபாகம் விற்கிற கடை வைத்திருந்தார். புதிதாகக் குடிவந்த யாராவது தெரியாத்தனமாக ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டால் போச்சு. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுத்தெருவில் நின்று, "ஏலே, எவம்லே பிரேக் போட்டது? தெருவையே விலைக்கு வாங்கிட்டியோ?" என்று கத்துவார். கத்தி முடித்ததும் அதே ஆளை வீட்டுக்குக் கூட்டிவந்து காபி கொடுக்கச் சொல்வார். "திட்டுறது நீங்க, காபி போடுறது நானா?" என்பேன். காலை நேரத்தில் யார் வண்டி எடுத்தாலும் தள்ள முதல் ஆளாகப் போய் நிற்பார். மருந்து சாப்பிடுகிற உடம்பு, சும்மா இருங்கள் என்றால் கேட்டால்தானே.

அவர் போனது ஒரு மத்தியானம். கடையிலிருந்து காரில் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வந்தார். சட்டை முழுக்க வியர்வை. "சாப்பிடலையா?" என்றேன். "பசிக்கல. தூக்கமா வருது, கொஞ்சம் சாயுதேன்" என்றார். மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு நான் துணி மடிக்கப் போனேன். தேத்தண்ணீருக்கு எழுப்பப் போனபோது அவர் எழும்பவில்லை.

துபாயிலிருந்து மகன் வந்தான், பதினாறாம் நாள் காரியத்தை முடித்தான், போனான். வந்ததும் போனதும் வாடகைக் காரில். அவர் சட்டைப் பையிலிருந்த கார் சாவியை நான் பீரோவில் வைத்துப் பூட்டினேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.

அதற்குப் பிறகு ஒன்றைக் கவனித்தேன். எங்கள் வண்டி நகரவில்லை. காலையில் பால் வாங்க இறங்கினால் அதே இடம், சாயங்காலம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் அதே இடம். எங்கள் வாசலில், அன்றைக்கு அவர் விட்ட இடத்தில். முன்னால் நின்ற வண்டி தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தது. பின்னால் நின்ற வண்டி கோயில் பக்கம் போனது. எங்கள் வண்டி மட்டும் தூசி படிந்து, வாகையிலை உதிர்ந்து, கிடந்தது. யாரும் அதைத் தொடுவதாகத் தெரியவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. செத்தவர் வண்டி, தொட்டால் தோஷம் என்று நினைக்கிறார்கள் போல. தாலி அறுத்தவள் எதிரே வந்தால் திரும்பிப் போகிற ஜனங்கள்தானே. எத்தனை வருஷம் இவர்கள் வண்டியை எல்லாம் அவர் நெஞ்சைக் கொடுத்துத் தள்ளியிருப்பார்? அவர் போன மாசமே அவர் வண்டி இவர்களுக்குத் தீட்டாகிவிட்டதா? சொல்லி அழ ஆள் இல்லை. மகனிடம் போனில் சொன்னேன். "வண்டிய வித்துருவோம்மா" என்றான். போனை வைத்துவிட்டேன்.

ஒருநாள் காலையில் பொறுக்க முடியவில்லை. எதிர்வீட்டுத் தம்பி துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். என் வீட்டுக்காரரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவான். அவன் தன் காரை எடுப்பதற்காகப் பின்னால் நின்ற வண்டியை மட்டும் தனியாகத் தள்ளிக்கொண்டிருந்தான். முன்னால் நின்றது எங்கள் வண்டி. அதன் பக்கம் போகவே இல்லை. விறுவிறுவென்று இறங்கிப் போனேன்.

"ஏன், எங்க வண்டியில கை பட்டா கை வெந்து போயிருமா? எல்லார் வண்டியையும் தள்ளுதிய. எங்க வண்டி மட்டும் ஆகாதோ?"

அவன் வண்டியிலிருந்து கையை எடுத்தான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

"என்ன மதினி இப்படிச் சொல்லுதிய? ரெண்டு மூணு தடவ தள்ளிப் பாத்தோம். அசையல. உள்ள பிரேக் போட்டுக் கெடக்கு. அண்ணாச்சி வண்டிய யாரும் தள்ளக்கூடாதுன்னு நீங்கதான் போட்டு வச்சிருக்கியன்னு நெனச்சோம். அதான் கேக்கல."

"நான் போடல. சாவி பீரோவுல இருக்கு."

"அப்ப ஒங்க மகன் வந்தப்ப போட்டிருப்பாரு."

"அவன் வண்டியத் தொடவே இல்லையே."

சொல்லி முடிக்கும்போதே எனக்கு உறைத்தது. கடைசியாக அந்த வண்டியிலிருந்து இறங்கியவர் அவர்தான். அவனுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டான். ஹேண்ட் பிரேக் போட்டதற்காக ஊரைக் கூட்டிச் சண்டை போடுகிற மனுஷர், அன்றைக்கு எதற்காக அதை இழுத்தார்?

மெக்கானிக் வந்தான். பின் சக்கரங்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாப் பிடிச்சிருக்கும்மா. மொதல்ல உள்ள லிவரை எறக்கணும், பெறகு நான் வெளிய அடிக்கேன், நாலு பேரு தள்ளணும்" என்றான். தெருவே வந்துவிட்டது. நான் சந்தேகப்பட்ட அத்தனை பேரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நின்றார்கள். எனக்கு அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மெக்கானிக் சாவிக்குக் கை நீட்டினான். "நான் எறக்குதேன்" என்றேன். அவர் இழுத்துவிட்டுப் போனதை வேறொரு கை தொடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

கதவைத் திறந்து அவர் சீட்டில் உட்கார்ந்தேன். அந்த லிவர் வானத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. மேலே இருக்கிற பட்டனை அமுக்கினேன். அமுங்கவில்லை. "அப்படியே வராதும்மா. இழுத்திருக்கறத விடக் கொஞ்சம் கூட மேல இழுத்துக்கிட்டு அமுக்குங்க" என்றான் மெக்கானிக், ஜன்னல் வழியாக.

இழுத்தேன். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இழுத்தேன். மூச்சு முட்டியது, தோள் வலித்தது, அப்போதும் வரவில்லை. "நான் எடுக்கட்டுமா மதினி?" என்றான் எதிர்வீட்டுத் தம்பி. வேண்டாம் என்று தலையாட்டினேன். இந்தப் பலத்தையா ஒரு கையால் போட்டு இழுத்தார்? வண்டியை நிறுத்துவதற்கு இவ்வளவு தேவையே இல்லை. நெஞ்சுவலி தாங்காமல் கைக்கு எட்டியதைப் பிடித்திருக்கிறார். இங்கே, இந்த ஜன்னலை மூடிக்கொண்டு, நம் வாசலில், தனியாக. நான் மாடியில் அவருக்காக அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் சட்டையைச் சரிபண்ணிக்கொண்டு, படியேறி வந்து, என்னிடம் தூக்கம் வருகிறது என்று சொல்லியிருக்கிறார்.

காலை முன்னால் ஊன்றி, இருந்த பலத்தையெல்லாம் கொடுத்து இழுத்தேன். பட்டன் உள்ளே போனது. லிவர் கீழே இறங்கியது. மெக்கானிக் சக்கரத்தில் அடித்தான். ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சக்கரங்கள் சத்தம் போட்டுக்கொண்டு விடுபட்டன. பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். வண்டி நகர்ந்தது. எப்போதும் இந்த மாதிரி நேரத்தில் ஒரு கூச்சல் போடுவார்கள். அன்றைக்கு யாரும் வாயைத் திறக்கவில்லை.

"பாவி மனுஷா, ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதா?" என்று நான் கத்தினேன். "ஒரு ஹாரன் அடிச்சிருக்கக் கூடாதா? நான் ஓடி வந்திருக்க மாட்டேனா?"

அவர் போனதிலிருந்து அழுதிருக்கிறேன். திட்டியதில்லை. தெருவே கேட்க, அவர் சீட்டில் உட்கார்ந்து, வண்டி நகர நகர, அவரைத் திட்டிக்கொண்டே இருந்தேன். அவர்கள் தள்ளுவதை நிறுத்தவில்லை.