காளியப்பனின் கை

நாமக்கல்லில் லாரிகளுக்கு பாடி கட்டிவந்த காளியப்பனுக்கு நடுக்குவாதம் வந்து, கையில் சுத்தியல் நிற்காமல் போனது. அவர் மகள் அறிவுச்செல்வி பெங்களூரில் மூளை ஆராய்ச்சி செய்கிறாள். அதே நோயைச் செயற்கையாக வரவழைத்த குரங்குகளின் மூளைக்குள் ஒளியைப் பாய்ச்சி, ஒளிக்கு அடங்கும்படி மாற்றிய நரம்புகளைக் கட்டுப்படுத்திப் பார்க்கும் வேலை.

அவள் ஊருக்கு வரும்போதெல்லாம் அவர் கேட்பார். "எனக்கு எப்ப சாமி அந்த வெளிச்சத்தப் பாய்ச்சுவாங்க?"

"இன்னும் கொரங்குலதானுங்கப்பா." இதையே சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது.

இந்தத் தடவை அவர் வேறு மாதிரி கேட்டார். "அதுக்காச்சும் நடுக்கம் நின்னுச்சா?"

"வெளிச்சம் இருக்கற வரைக்கும் நின்னுச்சுங்கப்பா. அணைச்சதும் மறுபடி ஆடுது."

"பாவம், அதுக்கும் சரியாத் தூக்கம் இருக்காது," என்றார்.

அவள் டீ டம்ளரை எடுத்து, சிந்தாமல் அவர் வாயருகே பிடித்தாள்.